மணல்திட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எனக்கு எதைக் கண்டாலும் பயம். கம்பெனி பஸ் போய்விடுமோ என்று பயம். ஏறி உட்கார்ந்த பிறகு ஐடி கார்டை வீட்டில் வைத்துவிட்டேனோ என்று பயம். மண்ணூரில் பஸ் ஏறியதிலிருந்து ஒரகடம் வரும்வரை கழுத்தில் தொங்குகிற கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவேன். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் எங்கள் லைன் லீடர் அக்காமீதுதான்.

கார்களுக்குப் போகிற வயர் கட்டுகளைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. நகர்ந்துகொண்டே இருக்கும் பலகையில் வயர்களைப் பொருத்தி, டேப் சுற்றி, அடுத்தவளிடம் விட வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் அக்கா வருவார். அவர் கத்தவே மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, "இன்னாடி, கை மரத்துப்போச்சா?" என்று மெதுவாகக் கேட்பார். அதற்கே என் விரல்கள் பின்னிக்கொள்ளும், இன்னும் தாமதமாகும். லைனில் அதிகம் திட்டு வாங்கியது நானாகத்தான் இருக்கும்.

அந்த அக்கா ஒரு மத்தியானம் கேண்டீனில் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். நான் என் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம ஒனக்கு இன்னா வேலை?"

ஓ.டி.க்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "ஒண்ணும் இல்லக்கா."

"எம் பொண்ணுக்குக் கடலு பாக்கணுமாம். லீவு வுட்டதுலேந்து உயிர வாங்கறா. மெரினால கூட்டம், அவளப் புடிச்சிக்கினு என்னால ஓட முடியாது. சின்ன ஊரா எங்கயாச்சும் போலாம். நீ வரியா?"

ஏன் என்னைக் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் நான் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டேன். ஒருநாள் முழுக்க அவரோடு தனியாக இருக்க என்னால் முடியாது. அதனால் என் பக்கத்துப் பலகையில் வேலை செய்கிற தோழியையும் இழுத்துக்கொண்டேன். தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். எதற்கும் அசராதவள். அவள்தான் போனில் தேடி ஒரு ஊரைக் கண்டுபிடித்தாள்.

"ஏ பிள்ள, இங்க பாரு. கோட்டை இருக்காம், லைட் ஹவுஸ் இருக்காம், முகத்துவாரத்துல மணல்திட்டு ஒண்ணு இருக்காம். பறவையெல்லாம் வந்து உக்காருமாம். கூட்டமே கெடையாதாம்."

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிற சின்ன ஊர் அது. பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள். என் பயத்தை அந்த ஊரின்மீது ஏற்றிவிடக் கூடாது.

செங்கல்பட்டில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்காவை அன்றுதான் யூனிஃபார்ம் இல்லாமல் பார்த்தேன். கத்தரிப்பூ நிறத்தில் சுடிதார், தலையில் கனகாம்பரம். மகள் மூன்றாவது படிக்கிறாள். அம்மாவின் ஜாடை அப்படியே. ஆனால் வாய் மூடாமல் பேசினாள். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அந்த டேப்பு அக்காவா?" என்று கேட்டாள். வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் கூசிப்போனேன்.

முதலில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனோம். படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். கூடைகளைச் சுற்றி நின்று பெண்கள் ஏலம் கேட்டார்கள்; சண்டை போடுகிறார்களோ என்று தோன்றும் குரல்கள். சங்கரா, கடம்பா, நண்டு என்று அக்கா மகளுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் திருக்கையை மல்லாக்கப் போட்டிருந்தார்கள். அதன் அடிப்பக்கம் மனித முகம்போலவே இருந்தது. வாய் ஒருமுறை திறந்து மூடியது. குழந்தை வீல் என்று அலறி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நானும் கிட்டத்தட்ட அலறியிருப்பேன். அக்கா இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கோட்டை என்பது இடிந்த செங்கல் மதில்தான். உள்ளே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். கல்லில் எழுத்தும் பூவேலையும் செதுக்கி, அடியில் மண்டையோடும் எலும்பும் வைத்திருந்தார்கள். சமாதியைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடந்தேன். "செத்துப்போயி எத்தன காலமாச்சு, இவங்க எந்திச்சு வந்து ஒன்னய என்ன செய்யப்போறாங்க?" என்று தோழி சிரித்தாள். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு வீட்டு வாசலில் நடத்துகிற மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு. அதன்பிறகு லைட் ஹவுஸ். உள்ளே படிகள் சுருண்டு சுருண்டு மேலே போயின. சுவரில் அங்கங்கே சின்ன ஜன்னல். காற்று ஊளையிட்டது. பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், அக்கா நின்றுவிட்டார்.

"முட்டி வலிக்குது. நீங்க போய்ட்டு வாங்க. நான் கீழ நிக்கறேன்."

கைப்பிடியை அவர் பற்றியிருந்த விதத்தைக் கவனித்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. முட்டி வலியில்லை என்று புரிந்தது. எனக்கு ஏனோ அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை. அக்காவே பயப்படுகிற இடத்தில் நான் எப்படி ஏறுவது என்றுதான் தோன்றியது. குழந்தை கையைப் பிடித்து இழுத்ததால் ஏறினேன். உச்சியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

கடல் அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஏரிகளுக்குக் கரை உண்டு. நிறைந்து கிடந்தாலும் அக்கரையில் பனைமரம் தெரியும். இதற்கு அக்கரையே இல்லை. தெற்கே உப்பங்கழி வந்து கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல்திட்டு நாக்குப்போல நீண்டு வெள்ளையாகக் கிடந்தது. அதன்மேல் புள்ளி புள்ளியாகப் பறவைகள்.

"அங்க போலாம்!" என்றாள் குழந்தை.

நாங்கள் முகத்துவாரத்துக்குப் போனபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்போலத் தண்ணீர். தெளிவாக, அடிமணல் தெரிய, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. கரையில் படகு நிழலில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. எங்களைப் பார்த்து அந்த அம்மா சத்தம் போட்டுச் சொன்னார்.

"பௌர்ணமி கிட்ட வருது, தண்ணி சீக்கிரமா ஏறும். போனமா வந்தமான்னு இருங்க."

"சரிங்கம்மா" என்றோம். தண்ணீர் ஏறும் என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏரித் தண்ணீர் மழைக்குத்தான் ஏறும். வானம் தெளிவாக இருந்தது.

திட்டில் இருந்த நேரம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருபக்கம் கடல் இரைந்தது. மறுபக்கம் கழி கண்ணாடிபோலக் கிடந்தது. சிவப்பு நண்டுகள் எங்கள் காலடிச் சத்தத்துக்குக் கூட்டமாக ஓடி வளைக்குள் மறைந்தன. குழந்தை அம்மாவின் துப்பட்டா நிறையக் கிளிஞ்சல் சேர்த்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அலை வந்து காலைத் தொடும் இடத்தில் நின்று, ஒவ்வொரு அலைக்கும் "ஐயோ, ஐயோ" என்று பின்னால் ஓடினார். தோழி போட்டோ எடுத்துத் தள்ளினாள். நான் ஈர மணலில் உட்கார்ந்து, பயப்படாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று மாறியதை முதலில் கவனித்தது நான்தான். முதுகில் குளிர் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த காலடித் தடங்கள் பாதியில் நின்றுவிட்டன. அதற்கப்பால் தண்ணீர்.

"அக்கா" என்றேன். அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

நான்கு பேரும் வாய்க்கால் பக்கம் ஓடினோம். அது இப்போது வாய்க்கால் இல்லை. அகலமாகிவிட்டிருந்தது. அடிமணல் தெரியவில்லை, கலங்கிப் பழுப்பாக, கடலிலிருந்து உள்ளே வேகமாக ஓடியது. நுரையும் குச்சிகளும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் எங்கள் முன்னால் விரைந்து போயின. கரையில் வலை பிரித்தவர்களைக் காணவில்லை.

தோழி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். "நான் ஆத்துல குளிச்சு வளந்தவ. எவ்வளவு ஆழம்னு பாத்துட்டு வாரேன்."

நாலைந்து அடியில் இடுப்புவரை வந்துவிட்டது. இன்னும் ஓரடி வைத்தவள் சட்டென்று சாய்ந்தாள். தலை உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது அவள் இருந்த இடம் வேறு. தண்ணீர் அவளைக் குறுக்காக இழுத்துக்கொண்டு போனது; கைகளை அடித்து அடித்து நீந்தினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கழியின் உட்பக்கம் வெகுதூரம் தள்ளி, ஒரு புதரைப் பிடித்து அவள் கரையேறினாள். குப்புற விழுந்து கிடந்தாள். பிறகு எழுந்து எங்களைப் பார்த்து, இரண்டு கைகளையும் ஆட்டி, வராதே என்று காட்டினாள். ஊர்ப்பக்கம் ஓடினாள்.

அவள் மறைந்ததும் அந்த இடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கடல் இரைச்சல் அதுவரை பின்னணியில் கேட்ட சத்தம். இப்போது அது எங்களைப் பற்றியே பேசுவதுபோல இருந்தது. நான் போனை எடுத்து அவசர எண்ணுக்கு அடித்தேன். எங்கே என்று கேட்டார்கள். முகத்துவாரம், மணல்திட்டு என்று கத்தினேன். காற்றில் பாதி அடித்துப்போனது. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எங்கிருந்து, எப்போது வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா தன் கணவருக்கு அடித்தார். அவர் ஓசூர்ப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மணி அடிக்கும்போதே அக்கா போனை அணைத்துவிட்டார். "அவரு அங்கேந்து இன்னா பண்ணுவாரு" என்றார்.

தண்ணீர் மணலைத் தின்றுகொண்டே வந்தது. அலைகூட இல்லை, ஓரமாக ஒரு நுரைக்கோடு வரும், மண் கொஞ்சம் சரியும், கோடு அங்கேயே நின்றுவிடும். அடுத்த கோடு அதற்கு மேலே. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து மேட்டைப் பார்த்து ஏறின. எங்கள் காலைக்கூட அவை பொருட்படுத்தவில்லை.

குழந்தை கேட்டாள். "அம்மா, இந்த மேடு முழுசா முழுகிடுமா?"

அக்கா அவளைத் தன்னோடு இழுத்துக்கொண்டார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். லைட் ஹவுஸ் படியில் பார்த்த அதே விரல்கள் இப்போது மகளின் தோளைப் பற்றியிருந்தன. உதடு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. திடீரென்று அவர் மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார்.

"வா. இன்னும் ஏறுறதுக்குள்ள தாண்டிடலாம். மார் மட்டுந்தான் இருக்கும். நான் புள்ளய மேல தூக்கிக்கினு வரேன். நீ என் பின்னால புடிச்சிக்கினு வா."

தண்ணீரைப் பார்த்து நடந்தார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாங்க்கா."

"வுடு."

"வேணாங்க்கா, அவளயே இழுத்துக்கினு போச்சுக்கா. அவளுக்கு நீச்சல் தெரியும். நமக்குத் தெரியாது."

"கையை வுடுறீ! இங்க குந்திக்கினு எம் பொண்ணு முழுகறதப் பாக்கச் சொல்றியா?" அவர் கத்தினார். லைனில் ஒருநாளும் கத்தாதவர் அன்று தொண்டை கிழியக் கத்தினார். உதறினார். நான் விடவில்லை. அவர் என் தோளில் ஓங்கி அடித்தார். அப்போதும் விடவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பழுப்புத் தண்ணீருக்குள் இறங்க என் கால் மறுத்தது; அவர் போய்விட்டால் நான் அங்கே தனியாக நிற்க வேண்டும். இந்த இரண்டு பயமும் சேர்ந்துதான் என் கையை இறுக்கின. தோளில் இருந்த குழந்தை அழ ஆரம்பித்தாள். அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "போவாதம்மா, போவாதம்மா" என்றாள்.

அக்கா நின்றார். மெல்ல மடங்கி மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, லைனில் பேசுகிற அந்தக் குரலில், மெதுவாக, "நடுவுக்கு வா. ஒயரமா இருக்கற எடத்துக்கு. துப்பட்டாவக் குடு" என்றார்.

துப்பட்டாக்களை முடிந்து மூவரையும் இடுப்போடு கட்டினார். குழந்தை நடுவில். அவர் போட்ட முடிச்சைப் பார்த்தேன். இறுக்கமாக, ஒழுங்காக இருந்தது. அதற்காக மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பிரார்த்தனைகூட வரவில்லை. அம்மா இந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இரவுக்கு என்ன குழம்பு வைப்பாள் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க மனம் போகவில்லை. வெளிச்சம் மங்கியது. லைட் ஹவுஸில் விளக்கு எரிந்து, எங்களைத் தாண்டிக் கடல்மேல் சுற்றிப் போனது. இத்தனை பக்கத்தில் இருந்தும் அதற்கு எங்களைத் தெரியவில்லை.

கழிப்பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டபோது முதலில் நான் நம்பவில்லை. சின்னப் படகு ஒன்று வந்தது. வலை பிரித்தவரும் இன்னொருவரும் இருந்தார்கள். முன்னால் தோழி நனைந்த கோழிபோல உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம். எங்களைப் பார்த்ததும், "இருக்காங்க, இருக்காங்க" என்று விம்மினாள்.

வலைக்காரர் தண்ணீரில் குதித்து, படகைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார். குழந்தையை வாங்க அவர் கையை நீட்டியபோது முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கடைசியில் அவர் கத்தியால் துப்பட்டாவை அறுத்தார்.

படகில் போகும்போது அவர் சொன்னார். "இந்த மேடு முழுசா முழுகாதும்மா. மேல்பக்கம் எப்பவும் நிக்கும். குந்திக்கினு இருந்தீங்கன்னா பொழுது விடியறதுக்குள்ள தண்ணி தானா எறங்கிடும். ஆனா அந்தக் குறுக்குல எறங்கி இருந்தீங்கன்னா..." கழியைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அங்க ரெண்டாள் ஆழம் கீது. மணலு தினம் எடம் மாறும்."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த மகளின் தலையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

கரையில் வலைக்காரரின் மனைவி நின்றிருந்தார். "சொன்னன் இல்ல? காதுல வுழுந்துச்சா இல்லியா? சாயங்காலத்துல உலை வெக்கப் போனன், வந்து பாக்கறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே குழந்தையின் தலையைத் தன் முந்தானையால் துவட்டினார். சூடாக டீ கொடுத்தார். அவசர எண்ணில் பேசியவர்கள் அனுப்பிய போலீஸ்காரர் ஒருவரும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். எங்கள் பெயர்களைக் கேட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். குழந்தை தூங்கிவிட்டாள். தோழி ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. அக்கா அடித்த இடம் எனக்கு அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். செங்கல்பட்டில் இறங்கி, சாலையோரத்துச் சாக்கடைத் தண்ணீரைத் தாண்ட வேண்டிவந்தபோது கால் எழவில்லை. தோழி கையைப் பிடித்துத் தாண்டவைத்தாள்.

மறுநாள் லைனில் எல்லாம் வழக்கம்போலத்தான். பலகைகள் நகர்ந்தன. நான் பின்தங்கினேன். அக்கா வந்து நின்றார். எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. என் பலகையில் பாக்கி இருந்த டேப்பைத் தானே சுற்றிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு பழையபடி கேட்க ஆரம்பித்தார். நானும் நடுங்க ஆரம்பித்தேன். அதில் பெரிய மாற்றமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் பேசவில்லை.

பேசியது ஒரே ஒருமுறை. மழைக்காலம் முடிந்த சமயம், ஷிஃப்ட் விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்தார்.

"பாப்பாவ தாம்பரத்துல நீச்சல் கிளாஸ்ல சேத்துட்டன். ஞாயித்துக்கெழம காலைல."

"நல்லதுக்கா."

"நல்லதுதான்." பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "அவ தண்ணில எறங்கறப்ப என்னால அங்க குந்த முடியல. எந்திரிச்சி வெளிய போயிடறன். அவ தேடுறா." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ வந்து கூட இருக்கறியா? அன்னிக்கு என்னப் புடிச்சா மாதிரி."

இப்போது பல ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். தோழிக்கு ஷிஃப்ட் இல்லையென்றால் அவளும் வருவாள். அவள் மட்டும் பயமில்லாமல் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டிருப்பாள். குளம் நீலமாக, அடி தெரிய, சுற்றிலும் கம்பியோடு இருக்கிறது. மாஸ்டர் பக்கத்திலேயே நிற்கிறார். அதெல்லாம் தெரியும். ஆனாலும் அந்தக் குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விடுகிறபோது அக்காவின் நகம் என் மணிக்கட்டில் பதிகிறது. நாங்கள் இருவரும் மூச்சு விடுவதில்லை. அவள் எழுந்து, கண்ணைத் துடைத்து, எங்கே என்று எங்களைத் தேடிக் கையாட்டுகிறாள்.